கிலோக் கணக்கில் வாங்கிய சுருதி

மனிதனுக்கு வரக்கூடிய பைத்தியங்களில் சில மலிவானவை. கவிதை எழுதலாம்; ஒரு பேனை போதும். நிலவைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதற்கு இன்னும் மீற்றர் பூட்டவில்லை. நான் அந்த இரண்டோடும் நின்றிருக்க வேண்டியவன். நடுவயதில், தலைமயிர் நரைக்கத் தொடங்கிய ஒரு மாரிகாலத்தில், வால்வு அம்பிளிபயர் செய்யப் புறப்பட்டேன். (வேறு சிலர் அந்த வயதில் சபரிமலைக்கு மாலை போடுகிறார்கள். வீட்டுக்காரருக்கு அது எவ்வளவோ நிம்மதி.)

மழைக்குப் பிள்ளைகள் வராத ஒரு பின்னேரம். நல்லூரில் நான் தமிழ் படிப்பிக்கும் ரியூட்டரியில் வெறும் வாங்குகளுக்கு நடுவே இருந்து கைத்தொலைபேசியைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குமிழ், பழைய ரேடியோக்களுக்குள் இருக்குமே, அந்த வால்வு. அதற்குள் செம்மஞ்சளாய் ஒரு சின்னத் திரி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் அதற்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்கிறார். கோயில் மூலஸ்தானத்தில் திரை விலகும்போது வருமே ஒரு வெளிச்சம், அது எனக்கு அந்தக் குமிழுக்குள் தெரிந்தது. வெளியே தகரத்தில் மழை கொட்டியது. நான் தீர்மானித்துவிட்டேன்.

வால்வு ரஷ்யாவிலிருந்து பஞ்சில் சுற்றி வந்து சேர்ந்தது. கரண்ட் கொடுக்கும் ட்ரான்ஸ்போமர், கொண்டென்சர், கம்பி எல்லாம் எப்படியோ சேர்ந்தன. மறித்து நின்றது ஒரே ஒரு சாமான்: அவுட்புட் ட்ரான்ஸ்போமர். அது என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். வால்வு பெரிய இடத்துப் பிள்ளை. அழுத்தம் கூட, ஆனால் கையிலிருந்து எதுவும் லேசில் ஓடாது. ஸ்பீக்கர் எளிய குடும்பம். அழுத்தம் தாங்காது, ஆனால் அள்ளிக் கொடுத்தால்தான் அசையும். இரண்டையும் நேரே சந்திக்கவிட்டால் ஒன்று எரியும், மற்றது ஊமையாகும். நடுவில் ஒரு தரகர் வேண்டும். இரண்டு பக்கத்துப் பாஷையும் தெரிந்த, இரண்டு பக்கத்தையும் ஒன்றையொன்று தொடவிடாமலே ஒற்றுமைப்படுத்துகிற தரகர். அவர்தான் அந்த இரும்புக் கட்டி. நல்ல தரகரைப் போலவே அவருக்கும் விலை அதிகம். யப்பானில் செய்த ஒன்றின் விலையைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன்.

ரொறன்ரோவில் இருக்கிற என் கூட்டாளி ரூபன் இந்தப் பைத்தியத்தில் எனக்கு மூத்தவன். அவனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"மச்சான், காசில்லாட்டி ஒரு வழி இருக்கு," என்றான். "பழைய பற்றறி சார்ஜருக்குள்ள இருக்கிற ட்ரான்ஸ்போமரைக் கழட்டித் தலைகீழா மாட்டு. வேலை செய்யும். ஆனா ரெண்டு விஷயம் கவனம். அந்த இரும்புத் தகடுகளைப் பிரிச்சு, நடுவில ஒரு கடதாசி வைச்சு இடைவெளி விடு. இல்லாட்டித் தவில் மாதிரிப் பெரிய சத்தம் வரேக்கை இரும்பு திணறிப் போகும். மற்றது, கரண்ட் குடுக்கிற ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில வைக்காதை. தள்ளி, குறுக்கா வை. இல்லாட்டி இரையும். விளங்குதோ?"

"விளங்குது," என்றேன்.

(காது கேட்டது. மனம், கண்ணாடிக் குமிழுக்குள் இருந்தது.)

சுன்னாகம் போகிற வழியில் அன்ரனின் பழைய இரும்புக் கடை. மின்சாரம் இல்லாமல் இருந்த நெடிய காலத்தில் இந்தக் குடாநாடே பற்றறியில் பாட்டுக் கேட்டது. வீதிக்கு வீதி பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சார்ஜர்கள் எல்லாம் கடைசியில் வந்து படுத்தது அன்ரனின் வளவில்தான். பழைய சைக்கிள் ரிம்முகளுக்கும் தண்ணீர் இறைக்கும் மோட்டர்களுக்கும் நடுவே, மத்தியான வெயிலில், துருவின் வாசத்தோடு அவை கும்பலாய்க் கிடந்தன. ஒரு பூவரசு தன் மஞ்சள் பூக்களை அவற்றின்மேல் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கு நெஞ்சு விம்மியது. எத்தனை பாட்டுகளுக்கு உயிர் கொடுத்துவிட்டுப் படுத்திருக்கின்றன இவை!

நல்ல ட்ரான்ஸ்போமர் கனமாக இருக்கும் என்று இணையத்தில் படித்திருந்தேன். ஆகவே ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன். விரல் மடக்கித் தட்டிப் பார்த்தேன். முகர்ந்தும் பார்த்தேன். (எதற்கு என்று இன்றுவரை தெரியாது.) ஒன்றைக் காதோடு வைத்துக் கண்ணை மூடினேன். உள்ளே தூரத்துக் கடல்போல ஓர் ஓசை கேட்டது. அது என் சொந்த இரத்தத்தின் ஓசை என்பது பிறகுதான் உறைத்தது.

"சேர்," என்றான் அன்ரன், "என்ன, பூசணிக்காயே வாங்குறியள்?"

"இது பாட்டுக்கு, அன்ரன்."

"பாட்டுக்கோ! என்னட்டை எல்லாம் ஒரே விலை சேர். பாட்டுக்கெண்டாலும் கிலோக் கணக்கு, பாடைக்கெண்டாலும் கிலோக் கணக்கு."

உலகத்தில் இசையைக் கிலோக் கணக்கில் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்ற பெருமையோடு, இருந்ததற்குள் ஆகக் கனமானதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் பின்சில்லு நெளிந்தது.

ரூபன் சொன்ன இரண்டு விஷயங்களையும் வேலை செய்யும்போது நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் தகடுகளைப் பிரிப்பதா? எத்தனையோ வருடம் ஒன்றையொன்று இறுகத் தழுவிக் கிடந்தவை. பொருத்தம் செய்கிற சாமானுக்குள் இடைவெளி எதற்கு? மற்றது, தள்ளிக் குறுக்கே வைப்பதாம். நான் இரண்டு ட்ரான்ஸ்போமருக்கும் கறுப்பு மை பூசி, பலாப்பலகையில் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட இருத்தினேன். முன்னால் இரண்டு வால்வு, குத்துவிளக்குப்போல. பார்க்க மணவறையில் மாப்பிள்ளையும் பொம்பிளையும் இருப்பதுபோலவே இருந்தது. மணவறையில் யாராவது தம்பதியைத் தள்ளிக் குறுக்கே இருத்துவார்களா?

முதல்முறை போட்டபோது அறை முழுவதும் ஒரு மெல்லிய ஓசை எழுந்தது. பாட்டுக்கு முன்னாலும் இருந்தது, பாட்டுக்குப் பின்னாலும் இருந்தது. எனக்கு அது விடியற்புறத்தில் கீரிமலைக் கடல் போலக் கேட்டது.

"இஞ்சேருங்கோ," என்றாள் என் மனைவி மலர் குசினியிலிருந்து. "முகட்டுக்குள்ள குளவி கட்டியிருக்கு."

"குளவியில்லை மச்சாள்," என்றாள் என் தங்கை வதனி. "அண்ணையின்ரை பெட்டி இரையுது."

"இரையேல்லை," என்றேன் நான். "மூச்சு விடுது."

வதனியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் எங்களோடுதான். தெல்லிப்பழையில் தாதி. செவ்வாய் ஏதோ ஓர் இடத்தில் ஏறி உட்கார்ந்திருந்ததால் வந்த சம்பந்தங்கள் எல்லாம் படலையோடு திரும்பிப் போயின. அவளும் கவலைப்படாதவள்போலக் காலையில் வெள்ளை உடுப்போடு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள். இந்த முறை வந்த சம்பந்தம் அளவெட்டி. சாதகம் பொருந்தியது. மாப்பிள்ளை சுதன் ஒரு விவசாயப் போதனாசிரியர். அதைவிட முக்கியம், தகப்பனின் காலில் காயம் என்று வார்ட்டுக்கு வந்து போன நாட்களில் அவனும் வதனியும் ஏற்கனவே கதைத்திருக்கிறார்கள். அவளுக்கு அவனைப் பிடித்திருக்கிறது என்பதை மலர் எனக்குச் சொன்னாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் ஒன்றை விரும்பியிருந்தாள்.

ஒரே பயம் மாப்பிள்ளையின் தகப்பன் நாகலிங்கத்தார். அவர் வெங்காயத் தோட்டம் செய்கிற மனிதர். ஆனால் காது, நாதஸ்வரக்காரர்களின் ஊரில் வளர்ந்த காது. கோயில் திருவிழாவில் நாதஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கிற ஒத்து ஒரு மயிரிழை இறங்கி நின்றதென்று, சாமி வீதியில் நிற்கும்போதே சால்வையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனவராம். மற்றவர்களை அவர் குரலை வைத்தே எடைபோடுவாராம்.

அவர்கள் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள் வதனி என்னிடம் வந்து நின்றாள்.

"அண்ணை, ஒரு உதவி செய்வியளோ?"

"சொல்லு பிள்ளை."

"நாளைக்கு ஒண்டும் விசேஷமாச் செய்யாதேங்கோ. சும்மா இருங்கோ. அது காணும்."

"ஓம்," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரத்துக்கு உருகுகிற மனிதர் வீட்டுக்கு வருகிறார். என்னிடம் அப்பா ஒரு கோயில் திருவிழாவில் பதிவு செய்த தோடி ஆலாபனை கசெற்றில் இருக்கிறது. வால்வு இருக்கிறது. ஒரு சிநேகிதனிடம் திருவிழாவுக்குக் கட்டுகிற பெரிய ஸ்பீக்கர் பெட்டி சும்மா கிடக்கிறது. இப்படி எல்லாம் ஒரே நேரத்தில் கூடி வருவது முருகன் செயல் இல்லாமல் வேறென்ன? இரவோடிரவாக அந்த ஸ்பீக்கரைக் கொண்டுவந்து பூட்டினேன்.

ஞாயிறு காலை வந்தார்கள். நாகலிங்கத்தார், அவர் மனைவி, சுதன். நாகலிங்கத்தார் நெடியவர், வேட்டி மடிப்புக் குலையாமல் கதிரையில் இருந்தார். பயற்றம் பணியாரத்தைக் கடித்தார். மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் கதைத்தார். வதனி தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "சீனி காணுமோ?" என்று கேட்டாள். அவள் குரலைக் கேட்டதும் அவர் தலை கொஞ்சம் சாய்ந்தது, நல்ல அறிகுறி. எல்லாம் இனிதே போய்க்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கண் மூலையில் இருந்த பலாப்பலகையில் விழுந்தது.

"உதென்ன தம்பி, விளக்கோ?"

குசினி வாசலில் வதனியின் கண்கள் என்னைப் பார்த்தன. அந்தக் கண்களில் இருந்ததை எழுத எனக்குச் சொல் இல்லை. நான் எழும்பிப் போய் ஸ்விச்சைப் போட்டேன்.

வால்வுகள் மெல்லச் சூடேறின. முதலில் ஒன்றுமில்லை. பிறகு கீழ்வானத்தில் கோடு விழுவதுபோல ஒரு சிவப்பு. பிறகு செம்மஞ்சள். நாகலிங்கத்தாரின் மனைவி "வடிவாக் கிடக்கு" என்றார். என் மனம் குளிர்ந்தது. அதன் பின்னாலேயே ஓசை வந்தது. என் சின்ன ஸ்பீக்கரில் கீரிமலைக் கடலாக இருந்தது, அந்தத் திருவிழா ஸ்பீக்கரில் கல்லுடைக்கும் மெசின் ஆகிவிட்டது. ம்ம்ம்ம்ம். பணியாரத் தட்டு மேசையில் மெல்ல நடக்கத் தொடங்கியது.

நான் அவசரமாகக் கசெற்றை ஓடவிட்டேன். தோடி எழுந்தது. கூடவே அந்த ம்ம்ம்மும் ஓயாமல் இரைந்தது.

நாகலிங்கத்தாரின் நெற்றி சுருங்கியது. பல்வலிக்காரர்போலக் கன்னத்தைப் பிடித்தார்.

"தம்பி, உந்த ஒத்துக்காரனுக்குச் சுகமில்லையோ?"

"அது ஒத்தில்லை ஐயா. கரண்டின்ரை சத்தம்."

"எந்தச் சுதியில நிக்குது?"

"சுதியில்லை ஐயா. ஐம்பது ஹேர்ட்ஸ்."

"ஐம்பதோ, ஐந்நூறோ. ஆர்மோனியத்தில ரெண்டு கட்டைக்கு நடுவில நிக்குது. பல் கூசுது."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் பெட்டியை நிறுத்தியிருப்பார்கள். எனக்கோ ஒரு ஞானம் பிறந்தது. கரண்டின் சுருதியை என்னால் மாற்ற முடியாது. அது நாடு முழுவதற்கும் பொது. ஆனால் கசெற் ஓடுகிற வேகத்தை மாற்றலாம். பின்னால் ஒரு சின்ன ஓட்டைக்குள் திருகாணி இருக்கிறது. ஆகவே நாதஸ்வரத்தை மின்சாரத்தின் சுருதிக்கு இறக்கினால் என்ன?

"ஒரு நிமிஷம் ஐயா," என்று சொல்லி ஸ்குறூ டிரைவரோடு பெட்டிக்குப் பின்னால் முழங்காலில் நின்றேன். திருகினேன். தோடி தூங்கி விழும் யானைபோலச் சரிந்தது. நாகலிங்கத்தாரின் மனைவி காதைப் பொத்தினார். "கூடிப் போச்சு," என்றார் நாகலிங்கத்தார். ஏற்றினேன். "ஏத்தும். இன்னும் கொஞ்சம். உதுக்குமேலை வேண்டாம். ஒரு நூல் இறக்கும்." அவரையறியாமலே அவர் கை மேலே எழும்பியிருந்தது. ஒரு விரல் காற்றில் ஆடி ஆடி, பிறகு நின்றது.

"இப்ப சரி."

அந்தக் கணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ம்ம்ம்ம் என்ற அந்த ஓசை தோடிக்குக் கீழே பஞ்சமத்தில் போய் நின்றது. குழாய் விளக்கும் யன்னல் கம்பியும் தேத்தண்ணீர்க் கோப்பையும் எல்லாமே ஒரே சுருதியில் நடுங்கின. லக்ஸபானவில் எங்கோ ஒரு மலையருவி விழுந்து, மின்சாரமாகி, கம்பி கம்பியாக நாடு கடந்து வந்து, என் வீட்டுக்குள் அந்த நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிறது. ஒருவரும் அசையவில்லை. நாகலிங்கத்தார் கண்ணை மூடியிருந்தார். வாசலில் நின்ற வதனியும் கதிரையில் இருந்த சுதனும் ஒருவரையொருவர் பார்த்தபடி, பார்ப்பதை மறைக்கவும் மறந்து இருந்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அப்பாவின் பதிவில் ஆலாபனை முடிந்ததும் தவில் வரும் என்பதை நான் மறந்துவிட்டேன்.

இடைவெளி விடாத அந்த இரும்பு, தவிலின் முதல் அடியில் திணறியது. "தொம்" என்று வர வேண்டிய சத்தம் அப்படி வரவில்லை. எப்படி வந்தது என்று அச்சில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. முதல்நாள் முழுக்க மரவள்ளிக் கிழங்கும் பலாக்கொட்டையும் சாப்பிட்ட ஒரு பெரிய மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

"பர்ர்ர்ர்."

 நாகலிங்கத்தாரின் மனைவி மெல்லத் தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தார்.

"இஞ்சரப்பா," என்றார் தணிந்த குரலில், "வந்த இடத்தில…"

நாகலிங்கத்தார் கண்ணைத் திறந்தார். "ஆர், நானோ? நானில்லையப்பா!"

"பர்ர். பர்ர்ர்ர்," என்றது தவில்.

"கடவுளாணை நானில்லை!"

தவில்காரர் அன்றைக்கு நல்ல உற்சாகத்தில் இருந்திருக்கிறார். அவர் அடிக்க அடிக்க இது இரைந்து இரைந்து விட்டது. நான் பாய்ந்து போனேன். அவசரத்தில் ஸ்விச்சுக்குப் பதிலாக வொலியூமைக் கூட்டிவிட்டேன். அந்தச் சத்தம் படலை தாண்டி ஒழுங்கைக்குப் போனது. ஒழுங்கையில் ஒரு சைக்கிள் நின்றது. இரும்பில் பூசிய மை கருகுகிற மணம் எழுந்து, சத்தத்துக்குப் பொருத்தமாக அறையில் பரவியது. நாகலிங்கத்தாரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

அப்போதுதான் வதனி சிரித்தாள். அடக்கிப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, வளைந்து, கண்ணீர் வரச் சிரித்தாள். அதே நொடியில் சுதனும் வெடித்தான். வாயிலிருந்த தேத்தண்ணீர் தகப்பனின் மடிப்புக் குலையாத வேட்டியில் தெறித்தது. இரண்டு பேரின் சிரிப்பும் அந்தப் புகைக்குள் ஒன்றாய் எழும்பி நின்றது. வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

நாகலிங்கத்தார் எழும்பினார். சால்வையை உதறினார். (திருவிழாவில் உதறினாரே, அதே உதறல்.)

"வாறம் தம்பி. முடிவைப் பிறகு சொல்லுறம்."

படலை சாத்துகிற சத்தம் கேட்டது. சிரிப்பு நின்ற பிறகுதான் வதனிக்கு என்ன நடந்தது என்று விளங்கியது. அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு பார்க்க முடியவில்லை.

அந்தக் கிழமை வீட்டில் என்னோடு கதைப்பதற்கு எனக்கே வெட்கமாக இருந்தது. வதனி நேரே ஒரு சொல்லும் கதைக்கவில்லை. "மச்சாள், அண்ணைக்குச் சோறு போடட்டோ எண்டு கேளுங்கோ," என்பாள், நான் பக்கத்தில் இருக்கும்போதே. மலர் அவ்வளவு நாகரிகம் பார்க்கவில்லை. "ஒரு குமர்ப்பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கொண்டுபோய்ப் பழைய இரும்போட கட்டிப்போட்டியள்," என்றாள். பின்னேரங்களில் வதனி வேலையால் வந்து தொலைபேசியைப் பார்ப்பாள். வைப்பாள். மறுபடி பார்ப்பாள். பெட்டியை நான் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். வீடு அமைதியாக இருந்தது. அவ்வளவு அமைதியை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. எந்த ட்ரான்ஸ்போமரும் அப்படி இரைந்ததில்லை.

பிறகு ஒருநாள் காலை படலையில் சைக்கிள் மணி. நாகலிங்கத்தார், தனியாக. தேத்தண்ணீர் வேண்டாம் என்றார். கதிரையில் இருக்கவும் இல்லை.

"தம்பி, விஷயத்துக்கு வாறன். சீதனம் எண்டு நாங்கள் ஒண்டும் கேக்கேல்லை. ஆனா ஒரு நிபந்தனை. உம்மடை உந்தப் பெட்டி எங்கடை வாசல்படி தாண்டி வரக்கூடாது. இண்டைக்கும் வரக்கூடாது, எண்டைக்கும் வரக்கூடாது. சம்மதமோ?"

எனக்கு உடனே விளங்கவில்லை. உள்ளே ஒரு பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. வதனிக்கு என்னைவிட முந்தி விளங்கியிருந்தது.

"சம்மதம் ஐயா," என்றேன். "ஆனா… அண்டைக்கு நடந்ததுக்குப் பிறகும்?"

அவர் எங்கள் மாமரத்தில் சாத்தியிருந்த சைக்கிளை எடுத்துப் படலைப் பக்கம் திருப்பினார்.

"அண்டைக்கு உம்மடை வீட்டில எல்லாமே சுதி பிசகித்தான் கிடந்தது. ஆனா அந்தப் பிள்ளையும் என்ரை பெடியனும் சிரிச்சதுகள் பாரும், அது ரெண்டும் ஒரே சுதி. நான் வடிவாக் கேட்டனான். ஒரு நூல் பிசகேல்லை." சைக்கிளில் ஏறியவர் காலை ஊன்றித் திரும்பினார். "மற்றது, என்ரை மனிசிக்கு ஒருக்கால் சொல்லும். அண்டைக்கு நானில்லை எண்டு. இன்னும் அவள் நம்புறாளில்லை."

கலியாணத்துக்குப் பிறகு ரூபன் சொன்னபடியே செய்தேன். தகடுகளைப் பிரித்தேன். நடுவில் வைக்கக் கடதாசி தேடியபோது கைக்கு அகப்பட்டது வதனியின் கலியாண அழைப்பிதழ்தான். அதில் ஒரு கீற்று வெட்டி வைத்தேன். மாப்பிள்ளையையும் பொம்பிளையையும் தள்ளி, குறுக்கே இருத்தினேன். இரைச்சல் ஓய்ந்தது. கிட்டக் காதை வைத்தால் மட்டும் இன்னும் ஒரு மூச்சு இருக்கிறது. தவில் இப்போது தவிலாகவே வருகிறது.

ஆனால் குடும்பத்தில் அதற்கு மதிப்பில்லை. அளவெட்டியில் வதனியின் பிள்ளைகள் இரண்டும், யாராவது சபையில் அந்தச் சத்தத்தை விட்டால், முகத்தைச் சுளிக்காமல் "மாமாவின்ரை ட்ரான்ஸ்போமர்" என்கிறார்கள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். அவர்களின் சிநேகிதர்களும் படித்துவிட்டார்கள். அரை அளவெட்டியில் என் பெயர் இப்படித்தான் நிலைத்திருக்கிறது.

நிபந்தனையும் நிலைத்திருக்கிறது. பெட்டி அந்த வாசல்படி தாண்டவில்லை. ஆகவே நாகலிங்கத்தார்தான் வருகிறார். "சொன்ன சொல்லை மாத்த ஏலாது தம்பி, அதுதான் நான் வாறன்," என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு, வெங்காயக் கட்டோடு, ஞாயிற்றுக்கிழமைகளில். அதே கதிரையில் இருந்து கண்ணை மூடுகிறார். வால்வு சிவக்கிறது. தோடி எழும்புகிறது; அந்தத் திருகாணியை நான் திரும்ப ஏற்றவில்லை, ஒரு நூல் இறங்கியே ஓடுகிறது, அவரும் ஏற்றச் சொல்லவில்லை. வெளியே வெயில் மாமரத்தில் அசையாமல் நிற்கிறது. ஆலாபனை முடிகிற இடம் அவருக்கு மனப்பாடம். அந்த இடம் வரும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, மனைவி பக்கம் திரும்பி, தவில் விழுவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறார்:

"இப்பவே சொல்லிப்போட்டன். நானில்லை."